88 வோல்ட் செட், 12 வோல்ட், 18 வோல்ட், எஸ்டிஎஸ்: உங்கள் வீட்டுச் சுவருக்கு எந்த டிரில்?

தீபாவளிக்கு முன்னால் திரைச்சீலைக் கம்பி மாட்டவும் அலமாரி பொருத்தவும் பேட்டரி டிரில் தேடுகிறவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஏராளம். ஷோப்பியைத் திறந்தால் ஒரே நிறம், ஒரே உருவம். ஒன்றில் 12 வோல்ட், அடுத்ததில் 21, அதற்கடுத்ததில் 88, 198 என்று போட்டிருக்கும். விலையைப் பார்த்தால் 88தான் மலிவு! அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

லித்தியம் அயன் செல் ஒன்றின் மின்னழுத்தம் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்று செல்லை வரிசையாக இணைத்தால் 10.8, கடையில் அதற்குப் பெயர் 12 வோல்ட். ஐந்து செல் என்றால் 18, முழு சார்ஜில் 21. ஆகவே 18, 20, 21 மூன்றும் ஒரே வகைதான். 88 என்று எழுதியதைப் பிரித்தாலும் உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'விஎஃப்' எதையும் அளக்கும் அலகு அல்ல, வெறும் அலங்காரம்.

வோல்ட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் இருக்கும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும். புதிய கொண்டோக்களில் பல சுவர்கள் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். சந்தேகமாக இருந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் மறைவான ஓரிடத்தில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் கொட்டினால் செங்கல். வெள்ளைத் தூளோடு சட்டென்று வெற்றிடத்துக்குள் இறங்கினால் ஜிப்சம் பலகை. சாம்பல் நிறத் தூள் கொஞ்சமாக வந்து, பிட் சூடேறி நின்றுவிட்டால் கான்கிரீட்.

மர அலமாரி, கட்டில், ஜிப்சம் பலகை என்றால் 12 வோல்ட் போதும். கைக்கு அடக்கம், ஏணியில் நின்று தலைக்கு மேல் பிடித்தாலும் தோள் வலிக்காது. செங்கல் சுவருக்கு 18 வோல்ட் ஹேமர் டிரில் சரி. கான்கிரீட்டில் அதுவும் திணறும், காரணம் பொறியமைப்பில் இருக்கிறது. ஹேமர் டிரிலில் பல்லுள்ள இரண்டு தட்டுகள் ஒன்றன்மீது ஒன்று உரசி அதிர்கின்றன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டல், ஆனால் ஒவ்வொன்றிலும் பலம் சொற்பம். உங்கள் கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான். எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியலை ஓட்டுகிறது. அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்தால் போதும். ஹேமர் டிரில் சில நிமிடம் தவிக்கும் 6 மில்லிமீட்டர் துளையை இது சில விநாடியில் முடித்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் துளையிடுகிற கொண்டோவாசிக்கு பேட்டரி எதற்கு? வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் ஒயர் எஸ்டிஎஸ் பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்தாலும் எடுத்ததும் வேலை செய்யும். பேட்டரி சும்மா இருந்தாலும் மூப்படையும். தினமும் வேலைக்குப் போகிறவர், கரண்ட் இல்லாத இடத்தில் நிற்கிறவர், ஏற்கெனவே ஒரே பிராண்டில் இரண்டு மூன்று கருவி வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் பேட்டரி எஸ்டிஎஸ் காசுக்கு ஏற்றது. பிரஷ்லெஸ் மோட்டாரா, பிரஷ் மோட்டாரா என்பதில் மண்டையைக் குடைய வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு பிரஷ்லெஸ் நல்லது, கட்டாயமில்லை.

அசல் பேட்டரியா, போலியா என்பதுதான் பாதுகாப்பை முடிவு செய்யும் விஷயம். 18 வோல்ட் 5.0 ஆம்ப்-ஹவர் பேட்டரிக்குள் வழக்கமாக 18650 வகைச் செல் பத்து இருக்கும். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம். செல் மட்டுமே 450 கிராம் ஆகிவிடும். உறை, போர்டு, முனைகள் சேர்ந்தால் 600 கிராமைத் தாண்டும். சமையலறைத் தராசில் வையுங்கள். '6.0' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி 400 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே ஐந்து செல்தான், மீதி காற்று. எடை சரியாக இருந்தாலும் அது முழு நற்சான்று இல்லை. மலிவுப் பேட்டரிகள் பலவற்றில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் சுற்று இருக்காது. ஐந்தில் ஒன்று பலவீனமானால் சார்ஜர் மொத்தத்தை மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டே போகும், மற்ற நான்கும் 4.2-ஐத் தாண்டும். செல் வீங்குவதும் வாயு கக்குவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான். சார்ஜரில் மலேசியத் தரச்சான்றான சிரிம் லேபிள் இருக்கிறதா, நம் ஊர் மூன்று முனை பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் வைத்துச் செருகும் இரண்டு முனைச் சார்ஜரை அங்கேயே வைத்துவிடலாம்.

அசலே வாங்கினாலும் சார்ஜ் செய்யும் இடம் முக்கியம். மெத்தையிலும் சோபாவிலும் வேண்டாம். டைல்ஸ் தரையில், திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கொண்டோவில் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான், அதன் ஓரத்தில் வைத்தால் தீ வந்தபோது வெளியேறும் வழியே அடைபடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. பேட்டரி புகைய ஆரம்பித்தால் கையால் தூக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

துளையிட்டு முடித்த சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் செருகாமல் ஆறவிடுங்கள். பொதுவாக 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும், பேட்டரியை அங்கே விடவே கூடாது. பல மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் போலக் கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றுவது முதல் விதி; சுவிட்சில் விரல் பட்டால் போதும், பிட்டைப் பிடித்திருக்கும் சக் சுழன்றுவிடும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது இங்கே தவறு, சுழலும் பிட் துணியைச் சுற்றிக்கொண்டு விரலையும் இழுக்கும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் வேண்டும், கான்கிரீட் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. பக்கக் கைப்பிடியைக் கழற்றிப் போடாதீர்கள், பிட் கம்பியில் சிக்கினால் மணிக்கட்டை முறுக்குவது எஸ்டிஎஸ்தான். கம்பி தட்டுப்பட்டால் அழுத்தாமல் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த வழியில் ஓடுகிறது.

டைல்ஸ் மேல் துளையிடும்போது ஹேமரை அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட்டை மெதுவாக ஓட்டுங்கள். டைல்ஸ் முடிந்து சுவர் தொடங்கியதும் பிட்டை மாற்றி ஹேமரைப் போடுங்கள். துளை, ஸ்க்ரூ பிடிக்க உள்ளே செருகும் சுவர் பிளக்கைவிட 5 மில்லிமீட்டராவது ஆழமாக இருக்கட்டும். தூளை வெளியேற்றாமல் பிளக்கை அடித்தால் ஸ்க்ரூ ஆடும்.

செத்த பேட்டரியைத் தோங் சம்பாவில் (குப்பைத் தொட்டியில்) போடாதீர்கள், குப்பை லாரி நசுக்கும்போது அது தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். சொந்த ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகிறீர்கள் என்றால் 18 வோல்ட் 5.0 பேட்டரி 90 வாட்-ஹவர், 100 என்ற வரம்புக்குள் அடங்கும். கைப்பையில் மட்டும், முனைகளை மூடி. டிரிலைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பலாம், பேட்டரியைக் கழற்றிவிட்டு.