நாள் கணக்கா, பல்லா, மீட்டரா?

மண்டிக்குத் தானியம் பிடிக்கிற எனக்கு, அறுப்புக்கு முன்னால் வயலை ஒரு தடவை நேரில் பார்த்தால்தான் மனசு ஆறும். ஆற்காடு, கலவைப் பக்கம் நெல். ஒடுகத்தூர் பக்கம் கேழ்வரகு. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறினால் சாமை. எங்கே போனாலும் வரப்பில் நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னா சார், அறுத்துடலாமா?" பதில் சொல்ல நம்மிடம் மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் நம்பி ஏமாந்தும் இருக்கிறேன்.

முதலாவது நாள் கணக்கு. ஆடுதுறை 37 நெல் ரகம் என்றால் 105 நாள். விதை விட்ட தேதியைக் காலண்டரில் சுழித்து வைத்தால் போதும், வயலுக்கே போக வேண்டாம் என்று நினைத்த காலம் உண்டு. கோடையில் விதைக்கிற சொர்ணவாரிப் பட்டத்துக்கு இது ஏறக்குறைய ஒத்துவரும். குளிரில் விதைக்கிற நவரைப் பட்டத்தில் கவிழ்த்துவிடும். மார்கழிக் குளிரில் நாற்று சுருண்டு உட்கார்ந்துகொள்ளும், அந்த நாட்களெல்லாம் பின்னால் வட்டியோடு சேரும். ஒரு நவரையில் காலண்டரை நம்பி "அறுங்க" என்று சொல்லிவிட்டேன். மூட்டையைப் பிரித்தால் முழுசாக முற்றாத செங்காய். அரவையில் பச்சை நிற அரிசியும் நொய்யுமாகக் கொட்டியது. நஷ்டம் என் கணக்கில். அதற்குப் பிறகு விதை விட்ட தேதியைக் கேட்பதை விட்டுவிட்டேன். பாதிக் கதிர் பூத்தது எப்போது என்று கேட்டு, அங்கிருந்து 30 நாள் எண்ணுகிறேன். குளிரோ வெயிலோ, இந்தக் கணக்கு அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

அடுத்தது கண்ணும் பல்லும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எந்த மணியைக் கடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நெற்கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பழுக்கும். ரோட்டில் பைக்கை நிறுத்திப் பார்த்தால் வயல் முழுக்கத் தங்கமாகத் தெரியும். தெரிவது நுனி மட்டும். வரப்போரம் இருக்கிற கதிரும் வேண்டாம், அது எப்போதும் முந்திக்கொள்ளும். நாலு பாத்தி உள்ளே இறங்கி, ஒரு கதிரைப் பிடித்து, கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அடிமணியை உரித்துக் கடிக்க வேண்டும். நசுங்கினால் இன்னும் பொறுக்கலாம். 'டக்' என்று உடைந்தால் சரி. நூறு மணியில் எண்பது, எண்பத்தைந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் நான் தலையாட்டிவிடுவேன். மிச்சமும் பழுக்கட்டும் என்று காத்திருந்தால், முதலில் பழுத்தது பனியில் நனைந்து வெயிலில் காய்ந்து உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது. அரவையில் நொய்யாக வரும்போதுதான் தெரியும்.

மூன்றாவது ஈரப்பத மீட்டர். நானும் ஒன்று வாங்கினேன், இப்போது பெரும்பாலும் கடை மேஜையில்தான் இருக்கிறது. மீட்டர் அளப்பது தண்ணீரை, முற்றலை அல்ல. காலை ஏழு மணிப் பனியில் நன்றாக முற்றிய நெல்லும் பச்சைக்காய் மாதிரி எண் காட்டும். அதே வயல் மதியம் இரண்டு மணிக்கு வேறு எண் சொல்லும். நெல்லுக்குச் சரிசெய்த மீட்டரில் கேழ்வரகைப் போட்டால் அது சொல்வது ஜோசியம். அதற்கு உரிய இடம் களம். அரசு நெல் வாங்குகிற நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம்தான் கேட்பார்கள். வயலில் அறுக்கிறபோது இருபதுக்கு மேலே நிற்கும். நடுவில் எவ்வளவு காய வேண்டும் என்று பார்க்க மீட்டர் வேண்டும், சந்தேகமில்லை.

சொல்லப்போனால், நெல்லுக்கு நாள் குறிப்பது பல பேருக்கு இவை மூன்றும் இல்லை. நெல் அறுக்கிற பெல்ட் மிஷின் பக்கத்து வயலுக்கு வந்துவிட்டால் நம்முடையதும் முற்றிவிட்டதாகத்தான் அர்த்தம்.

ஒடுகத்தூரில் இந்த மிஷின் தொல்லை இல்லை, வேறு தொல்லை. கேழ்வரகில் தாய்க்கதிர் பழுப்பாகிவிடும், பக்கத்துத் தூரில் வந்தது பச்சையாகவே நிற்கும். 'இன்றைக்கு அறுப்பு' என்று ஒரு நாளைக் குறித்தாலே தப்பு. நான் பார்த்த ஒரு கொல்லையில் அந்த அம்மா காலண்டரையும் பார்க்கவில்லை, பல்லிலும் வைக்கவில்லை. கதிரை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. உமி விலகிச் சிவப்பு மணி உதிர்ந்தால் அரிவாள், இல்லாவிட்டால் அடுத்த கதிர். ஒரு வாரம் கழித்து மிச்சத்தைப் பச்சையோடு சேர்த்து அறுத்து, ஒரு நாள் நிழலில் குவித்துப் போட்டார். குவியலுக்குள் கையை விட்டேன், வெதவெதப்பாக இருந்தது. அந்தச் சூட்டில் பச்சைக்காய் பதப்பட்டுவிடுமாம். இந்த இரண்டாம் அறுப்புத் தானியத்தைத் தனி மூட்டையாகப் பிடித்து, விலை கொஞ்சம் குறைத்துப் பேசுவேன்.

சாமைக்கு என் பல்லும் பயன்படவில்லை. நெல்லுக்குச் செய்கிற மாதிரி, நூறு மணியில் எண்பதாவது நிறம் மாறட்டும் என்று ஜவ்வாது மலையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன்.

"தம்பி, சாமை சொல்லிட்டு உதிராது" என்றார்.

கதிருக்கு அடியில் முறத்தை நீட்டி, தாளை ஒரு தட்டுத் தட்டினார். ஏழெட்டு மணி விழுந்தது. கதிரில் பாதி இன்னும் வெளிறிப்போய்த்தான் இருந்தது. முறத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.