335 கிட்டாருக்குப் பத்தா, பதினொன்றா?

கிப்சன் இஎஸ்-335 மின்கிட்டாரின் ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 24.75 அங்குலம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 25.5. அதனால் அதே கம்பி 335-இல் சற்றுத் தளர்வாகவே இருக்கும். 10–46 செட் (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலத் தடிமன், மிகத் தடித்தது 0.046) போட்டால் மூன்றாம் கம்பியை ஒரு முழு டோன் வளைப்பது சுலபம். ப்ளூஸ் வாசிக்க அது சுகம். ஆனால் பிக்கால் ஓங்கி அடித்தால் ஆறாம் கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பட்டுச் சடசடக்கும், சுருதியும் ஒரு கணம் மேலேறி இறங்கும்.

11–49-இல் அந்தத் தொல்லை குறைவு. ஜாஸ் கார்டுகளில் ஒவ்வொரு ஸ்வரமும் திரண்டு நிற்கிறது. விரலுக்குத்தான் வேலை அதிகம். அப்புறம், இழுவிசை கூடுவதால் கழுத்து கொஞ்சம் முன்னால் வளையும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை லேசாக இறுக்கி, இன்டொனேஷனையும் (கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்கிறதா என்பதை) சரிபார்க்க வேண்டும். டியூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால், நட்டில் (கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) உள்ள பள்ளம் தடித்த கம்பிக்குப் போதவில்லை.

கார்டுகளே அதிகம் வாசிப்பதால் நான் 11 தான் போடுகிறேன்.