மாணவர்களா, நோயாளியின் குடும்பமா, சுகர்காரர்களா? பேர்ணாம்பட்டுப் பட்டறைக்கு ஏற்ற சந்தை எது

என் தங்கை வீட்டுக்காரர் பேர்ணாம்பட்டில் சின்னதாகத் தோல் பட்டறை வைத்திருக்கிறார். நாலு தையல் மெஷின், தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிற ஸ்கைவிங் மெஷின் ஒன்று, ஆறு ஆள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் ஆர்டர் மெலிந்துபோனது. வாரத்தில் மூன்று நாள் மெஷின்கள் உறை போட்டபடியே கிடந்தன.

“மச்சான், அடுத்தவங்க பேர்ல தைச்சே இருபது வருஷம் ஓடிப்போச்சு. நம்ம பேர்ல ஒரு பொருள் விக்கணும். யாருக்கு விக்கலாம், அதைச் சொல்லுங்க” என்றார்.

நான் வேலூரில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். “என்ன விக்கலாம்” என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. “யாருக்கு” என்று மாப்பிள்ளை கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். எல்லாருக்குமான செருப்பு என்று இறங்கினால் ஆக்ரா சரக்கோடும் ஆன்லைன் தள்ளுபடியோடும் விலையில் மோத வேண்டும். ஆறு பேர் பட்டறைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால் வேலூரைச் சுற்றி யாருக்கு என்ன தேவை கிடைக்காமல் இருக்கிறது என்று பார்க்க, இரண்டு பேரும் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். மூன்று கூட்டம் கண்ணில் பட்டது.

முதலில் காட்பாடி மாணவர்கள். 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று விஐடி பல்கலைக்கழகமாக வளர்ந்து, நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். பெயர் பொறித்த பர்ஸ், சாவிக் கொத்து, லேப்டாப் உறை என்று இவர்களுக்குக் கொடுக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் போதும், ஒருவன் வாங்கினால் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் நல்ல தோல் பர்ஸ் நாலு வருஷம் உழைக்கும், அதற்குள் வாங்கினவன் படிப்பை முடித்து ஊரைவிட்டே போயிருப்பான். லீவு மாதங்களில் விற்பனை படுத்துவிடும். போதாததற்கு, கையில் போனை வைத்துக்கொண்டு அங்கேயே ஆன்லைன் விலையை ஒப்பிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது, சிஎம்சி மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகளின் குடும்பங்கள். காந்தி ரோட்டில் வங்காளத்தில் எழுதிய பெயர்ப் பலகைகளைப் பார்த்தாலே இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியும். வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பார்கள். ஊர் ஞாபகமாகத் தோல் பை விற்கலாம் என்பதுதான் மாப்பிள்ளையின் முதல் யோசனை. எனக்கு மனசு ஒப்பவில்லை. வைத்தியத்துக்கு ஒவ்வொரு ரூபாயாக எண்ணி வைத்திருப்பவரிடம் ஞாபகப் பொருளை நீட்டுவதா?

ஆனால் பொறுமையாக நின்று பார்த்ததில் வேறொன்று கிடைத்தது. எல்லார் கையிலும் எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம் கவர்கள். கவரின் ஓரம் கிழிந்து, மேலே இன்னொரு பாலிதீன் சுற்றி, மழையில் சேலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பிலிம் மடங்காத அகலத்தில், தோளில் மாட்டுகிற பட்டையோடு, ரிப்போர்ட்டுக்குத் தனி அறை வைத்த தட்டைப் பை ஒன்று கொடுத்தால் நிஜமாகவே உதவியாக இருக்கும். வாங்கினவர் திரும்பி வர மாட்டார்தான், ஆனால் ஊருக்குப் போய் அடுத்து வருகிறவருக்குச் சொல்லி அனுப்புவார். ஆள் மாறினாலும் வரத்து நிற்காத சந்தை இது.

இதில் இரண்டு சிக்கல். லாட்ஜ் வரவேற்பிலும் ஆட்டோவிலும் கமிஷன் கொடுக்காமல் உள்ளே நுழைவது கஷ்டம். அடுத்தது, ரெக்சினில் தைக்கிற யாராலும் இந்தப் பையைப் பத்தே நாளில் காப்பி அடிக்க முடியும். அப்புறம் விலையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். இருபது வருஷம் தோல் தைத்த கைக்கு அங்கே தனி மதிப்பு கிடைக்காது.

மூன்றாவதுதான் என் மனசுக்குப் பிடித்தது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கான, எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு.

இதற்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த எலும்பு மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் கால் புண்ணாவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் போவதால் என்று கண்டு சொன்னவர். வலி தெரியாத காலுக்கு மெத்தென்ற செருப்புதான் காவல். அப்படி வந்ததுதான் நுண்ணறை ரப்பர் என்கிற எம்சிஆர் இன்சோல், அதாவது பாதம் படுகிற உள்தட்டு. காட்பாடிப் பக்கத்தில் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை அந்தப் பாதப் பராமரிப்பில் பேர் வாங்கியது. அன்று தொழுநோயாளிக்குச் செய்தது இன்று சுகர்காரர்களுக்கும் தேவைப்படுகிறது.

தேவை எப்படிப்பட்டது என்பதை எனக்கு ஒரு அம்மாள் காட்டினார். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தார். இடது காலில் செருப்பு இருந்தது, வலது காலில் இல்லை. கழன்று மூன்றாவது படியிலேயே கிடந்திருக்கிறது. பின்னால் வந்த பையன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். சூடான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை. “கால் மரத்துப் போச்சுப்பா, அஞ்சாறு வருஷமா அப்படித்தான்” என்றார். மாப்பிள்ளை அந்தச் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் வார் வைத்தது, பின்பட்டை கிடையாது. அடியில் ஒரு ஆணியின் தலை.

அந்த அம்மாளுக்கு எது கூடாதோ அத்தனையும் அந்த ஒரு செருப்பில் இருந்தது. உணர்ச்சியில்லாத காலுக்கு விரலிடுக்கு வார் உரசிப் புண்ணாக்கும், ஆணி குத்தினால் தெரியாது, பின்பட்டை இல்லாவிட்டால் கழன்றுவிடும். மேலே மென்மையான எம்சிஆர், கீழே முள் ஏறாத கெட்டி சோல், ஆணிக்குப் பதில் பசையும் தையலும், வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்த வெல்க்ரோ பட்டை. இவ்வளவுதான் சங்கதி. இந்த வேலை எங்கள் பட்டறைக்காரர்களுக்குக் கைவந்தது.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாணவன் ஆசைக்கு வாங்குகிறான், நோயாளியின் குடும்பம் வசதிக்கு வாங்குகிறது, சுகர்காரர் காலைக் காப்பாற்றிக்கொள்ள வாங்குகிறார். பர்ஸ் வாங்கினவன் மறுபடி வர வருஷக்கணக்கு ஆகும், பை வாங்கினவர் வரவே மாட்டார். எம்சிஆர் அழுந்தி அழுந்தி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தட்டையாகிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் மேலே எழும்பாது, மாற்றியே ஆக வேண்டும். அதே ஆள், அதே அளவு, திரும்பி வருவார். காப்பி அடிப்பதும் சுலபமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு காலுக்கும் அளவு தனி.

எண்ணிக்கையில் மயங்கிவிடக் கூடாது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. அந்தப் பத்துக் கோடி நம் சந்தை இல்லை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வேலூர் வட்டாரத்தில், கால் மரத்துப்போய், இன்னும் புண்ணாகாத ஆட்கள்தான் நம் சந்தை. புண் வந்தவர், பாதம் கோணியவர் எல்லாம் மருத்துவமனையின் செருப்புப் பிரிவுக்குப் போக வேண்டியவர்கள். அவர்களை நாம் தொடக் கூடாது. சரி, 400 பேர் கிடைத்தார்கள், வருஷத்துக்கு ஆளுக்கு ஒன்றரை ஜோடி என்று வைத்துக்கொள்வோம். 600 ஜோடி, மாதத்துக்கு 50. ஜோடிக்குச் செலவு போக 350 ரூபாய் நின்றால் மாதம் 17,500. ஆறு பேருக்கு இது சோறு போடாது. ஆனால் உறை போட்டுக் கிடந்த அந்த மூன்று நாளை நிரப்பும். அப்பர் வேலையை விட்டுவிடச் சொல்லி நான் சொல்லவே இல்லை.

எப்படித் தெரியப்படுத்துவது என்பதிலும் வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆன்லைன் கடைகள் வேண்டாம் என்று உடனே முடிவெடுத்தோம். எட்டாம் நம்பர் என்று கேட்டு அனுப்பினால் வீங்கிய காலுக்கு ஏறாது, திரும்பி வருகிற சரக்கிலேயே லாபம் கரைந்துவிடும். டாக்டரிடம் கமிஷன் பேசுவதும் கூடாது. மருத்துவர் நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன, நமக்கும் அது அழகில்லை. மாதிரி ஜோடியைக் காட்டி, குறை சொல்லுங்கள் என்று கேட்கலாம். குறை சொன்ன டாக்டர் பிடித்திருந்தால் தானே அனுப்புவார். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, “சுகர் செருப்பு” என்று ஜனங்கள் சொல்கிற வார்த்தையையே போட வேண்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இதையெல்லாம்விட நல்ல இடம் அந்தப் பரிசோதனை நிலையமே. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அதுவரை நிறைய பேர் பெஞ்சிலேயே காத்திருக்கிறார்கள். வந்திருப்பவர்களில் பாதிப்பேராவது சுகர்காரர்கள், செய்ய வேலையும் இல்லை. அங்கே ஒரு ஜோடியையும் ஒரு அளவுத் தாளையும் வைத்தால், நோட்டீஸ் ஆயிரம் அடித்து பஸ் ஸ்டாண்டில் கொடுப்பதைவிட நூறு மடங்கு மேல்.

என்ன பேசுகிறோம் என்பதில்தான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. புண் வரவே வராது என்றும் சொல்லக் கூடாது. “பின்பட்டை உண்டு, ஆணி இல்லை, அளவெடுத்துச் செய்வோம்.” இது போதும். இன்னொன்று, பழைய கறுப்பு எம்சிஆர் செருப்பைப் பார்த்ததும் தொழுநோய்ச் செருப்பு என்று ஒதுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் மாப்பிள்ளை முதல் மாதிரியைப் பழுப்புத் தோலில், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி தைத்தார். பார்த்த பெண்கள் முதலில் கேட்டது, “வேற கலர் இருக்கா?”

அளவு எடுப்பது சாயங்காலம்தான், கால் வீங்கியிருக்கும் நேரத்தில். நோட்டுப் புத்தகத்தில் ஆளை நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றி வரைகிறார். பக்கத்துக்கு ஒரு கால். ஓரத்தில் பெயர், போன் நம்பர், செருப்பு கொடுத்த தேதி, அதற்குக் கீழே ஆறு மாதம் கழித்து வருகிற தேதி. போட்ட முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் நடந்துவிட்டுக் காலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். மறுநாள் காலையில் தானே போன் செய்து கேட்கிறார். இதுவரை 31 பேர் ஆகியிருக்கிறார்கள். படியில் செருப்பை விட்டு வந்த அம்மாள் ஏழாவது பக்கத்தில் இருக்கிறார். அவருடைய இரண்டாவது ஜோடிக்கான தோலை மாப்பிள்ளை இப்போதே வெட்டி வைத்துவிட்டார், இந்த முறை நாவல்பழக் கலரில்.