கேன்வாஸா, கண்ணாடிச் சட்டமா?

நீரோடியில் புது வீடு கட்டிய மைனி, பிரெஞ்சு ஓவியர் மோனே 1867-ல் வரைந்த, சாந்த்-அத்ரெஸ் என்ற பிரான்ஸ் கடற்கரை ஊரின் படகுப் போட்டி ஓவியத்தைக் கூடத்தில் மாட்டப்போகிறாள். அசல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் (மெட்) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கேன்வாஸ் துணியில் அச்சடிப்பதா, தாளில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போடுவதா என்பதுதான் கேள்வி.

செலவு: தாள் மலிவு. கண்ணாடியும் சட்டமும் சேர்ந்தால் கேன்வாஸை நெருங்கிவிடும்.

துடைப்பது: கண்ணாடிக்கு ஈரத்துணி போதும். கேன்வாஸுக்கு உலர்ந்த மெல்லிய துணி மட்டும்.

ஈரம்: ஆனி, ஆடி மழையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கேன்வாஸின் முதுகில் பூசணம் பிடிக்கும்; சுவரிலிருந்து விரற்கடை தள்ளி மாட்டுங்கள்.

வெளிச்சம்: எனக்கு இதுதான் முக்கியம். மேற்குச் சன்னல் உள்ள கூடத்தில் மாலை நான்கு மணிக்குக் கண்ணாடியில் சன்னல்தான் தெரியும். படகுகளின் வெள்ளைப் பாய்கள் காணாமல் போய்விடும். பளபளப்பில்லாத கேன்வாஸில் அந்தத் தொல்லை இல்லை. அருகே போனால் பச்சையும் நீலமுமான தண்ணீர்க் கீற்றுகள் நெசவின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கும்.

மைனியின் கூடத்துக்குக் கேன்வாஸ். அடுக்களைப் பக்கம், பிள்ளைகள் கை படும் இடம் என்றால் கண்ணாடி. இரண்டையுமே நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.