கோப்பைக் கணக்கைக் கிராமுக்கு மாற்ற ஒரு சமையலறைத் தராசு

வீட்டில் கேக் அடிப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், மட்டக்களப்பு நகரில் சுமார் 2,000 ரூபாவுக்கு வாங்கிய டிஜிட்டல் தராசு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். 5 கிலோ வரை, ஒவ்வொரு கிராமாகக் காட்டும் இத்தகைய தராசுகள் பாத்திரக் கடைகளில் ஏறத்தாழ ஒரே வடிவில் வெவ்வேறு பெயர்களில் கிடைப்பதால், நான் சொல்பவற்றை இந்த வகைத் தராசு முழுவதற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

கோப்பை அளவில் வரும் சமையற் குறிப்புகளை நிறைக்கு மாற்றுவதற்காகவே இதை வாங்கினேன். அவுஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர் அனுப்பும் குறிப்பில் ஒரு கோப்பை 250 மில்லிலீற்றர். அமெரிக்கக் காணொளியில் அது ஏறத்தாழ 237. யப்பானியக் குறிப்பில் 200. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர் கொள்ள, பெரும்பாலான ஏனைய குறிப்புகளில் அது 15 ஆகவே இருக்கிறது.

கோப்பை ஒன்றாகவே இருந்தாலும் மாவின் நிறை கை மாறும்போது மாறிவிடுகிறது. அமெரிக்கக் கோப்பையில் கோதுமை மாவைக் கரண்டியால் மெதுவாக இட்டுத் தலைதட்டினால் சுமார் 120 கிராம் வரும். அதே கோப்பையை மாப்பைக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரைக்கும் ஏறும். நான்கு கோப்பை மா கேட்கும் குறிப்பில் இந்த வித்தியாசம் 120 கிராமாகிறது. அதாவது, ஒரு முழுக் கோப்பை மா கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. கேக் இறுகிப் போனதற்கு அடுப்பையும் முட்டையையும் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். சீனி அவ்வளவு அமுங்காது; கோப்பைக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டர் 227 கிராம்.

நம் அம்மாமாரின் கொப்பிகளைப் பார்த்தால் அங்கே இந்தச் சிக்கலே இல்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தருகிறது. ரவை, கஜு, பட்டர், சீனி என்று லவ் கேக்குக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இறாத்தலிலும் அவுன்ஸிலும் எழுதப்பட்டிருக்கின்றன. அவை நிறைகள் என்பதால் கோப்பைக் குழப்பத்துக்கு இடமில்லை. இத்தராசின் அலகுப் பொத்தானை மாற்றினால் அவற்றை அப்படியே நிறுக்கலாம். கிராமில் வேண்டுமானால் இறாத்தல் 453.6, அவுன்ஸ் 28.35. பாலுக்கு எழுதப்பட்ட அவுன்ஸ் மட்டும் பெரும்பாலும் கொள்ளளவையே குறிக்கும் என்பதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பூச்சியத்துக்குக் கொண்டுவரும் பொத்தான். பாத்திரத்தைத் தட்டில் வைத்து அதை அழுத்தி, ஒவ்வொரு பொருளையும் இட்டபின் மீண்டும் அழுத்தினால் ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவிடலாம். கோப்பையில் பாதி ஒட்டிக்கொள்ளும் கித்துள் பாணியும் பட்டரும் வீணாவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மில்லிலீற்றர் காட்டும் வசதியை நம்பக் கூடாது, ஏனெனில் தராசு நிறையை மட்டுமே அறியும். பாத்திரத்தில் இருப்பது தண்ணீர் என்று எண்ணிக்கொண்டே அது கணக்கிடுகிறது. 250 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயின் நிறை சுமார் 230 கிராம்தான் என்பதால், திரையில் 250 வரும்வரை ஊற்றினால் எண்ணெய் கூடிவிடும். அடுத்து, மாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவும்போது எண் அசையாமல் நின்றுவிடுகிறது. சிறு மாற்றங்களைத் தானாகவே பூச்சியமாக்கும் அமைப்பு இவ்வகைத் தராசுகளில் இருப்பதால் இது நேர்கிறது. கடைசிச் சில கிராம்களைப் பாத்திரத்தைத் தூக்கி மீண்டும் வைத்துச் சரிபார்ப்பதே நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரத்தில் வைத்தாலும், மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் எண் நிலைகொள்ளாது.

ஈஸ்ற், பேக்கிங் பவுடர் போன்றவற்றுக்கு இது ஏற்றதன்று. ஒரு தேக்கரண்டி ஈஸ்ற் சுமார் 3 கிராம். அங்கே ஒரு கிராம் பிசகினால் மூன்றிலொரு பங்கு பிழைத்துவிடும். தலைதட்டிய தேக்கரண்டியே போதும். பிட்டுக்கு மாக் குழைப்பதற்கும் தராசு வேண்டாம். வறுத்த அரிசி மா எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பது அரிசிக்கு அரிசி மாறுவதால், அதை விரல்களே சொல்ல வேண்டும். சோற்றுக்கு அரிசியைச் சுண்டால் அளக்கும் வழக்கத்தையும் மாற்றத் தேவையில்லை. எப்போதும் ஒரே சுண்டும் ஒரே பானையும் இருந்தால் அது பிழைப்பதில்லை.

வாங்கும்போது ஒரு பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். ஓரிரு கிராமுக்கு மேல் மாறினால் வேறொன்றைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் அளவுக் குவளையில் 500 மில்லிலீற்றர் தண்ணீரை எடுத்து நிறுத்தால், நம் வெக்கைக்கு 498 கிராம் அளவில் காட்ட வேண்டும். வட்டப் பற்றரியில் இயங்குவதைவிட எந்தக் கடையிலும் கிடைக்கும் பென் பற்றரியில் இயங்குவதைத் தெரிவுசெய்வது வசதி. கேக்கைக் கிலோக் கணக்கில் விற்பவர்கள் வாடிக்கையாளருக்கு நிறுத்துக் கொடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது; வியாபாரத்துக்கு அரச முத்திரையிட்ட தராசே வேண்டும்.