டெர்மினலில் வோல்டேஜ் இல்லை: போர்டைச் சந்தேகிப்பதா, வயரைச் சந்தேகிப்பதா?

கீபேட் இருண்டு கிடக்கிறது. அலாரம் பெட்டியைத் திறந்து, கீபேடுக்கும் சென்சார்களுக்கும் பவர் தரும் ஆக்ஸ் டெர்மினலில் மீட்டரை வைத்தால், 13 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 2 என்றோ 3 என்றோ காட்டுகிறது. சில சமயம் சுத்தமாக ஒன்றுமே இல்லை. பெரும்பாலானோர் இங்கேயே "போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் நல்ல போர்டுகள் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

வயர்களைக் கழற்றாமல் அளப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. வேகமான வழி, தவறில்லை. ஆனால் மீட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது ஏசி, பல போர்டுகளில் 16 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மீட்டரை டிசியில் வைத்து அதை அளந்தால் பூஜ்யம்தான் வரும். இன்னொரு குழப்பமும் உண்டு. சில டெர்மினல்களில் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் இல்லாததே சரி. பல போர்டுகளில் பிஜிஎம் டெர்மினல் (நாம் புரோகிராம் செய்யும் அவுட்புட்) வோல்டேஜை வெளியே தராது. வேலை செய்யும்போது மைனஸ் பக்கத்தை மட்டும் இணைக்கும். அதில் எதுவும் மாட்டாதபோது, அதை காமோடு (பொது மைனஸ் முனை) சேர்த்து அளந்து கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் 12 வோல்ட் வராது. ஆக்ஸ் பிளஸில் ஒரு முனையும் பிஜிஎம்மில் ஒரு முனையும் வைத்து, அதை இயக்கிப் பார்க்க வேண்டும். சைரன் டெர்மினலும் பல போர்டுகளில் இதே கதைதான்.

இந்த முறையின் உண்மையான குறை வேறு. ஏசி சரியாக வருகிறது, ஆக்ஸில் இல்லை என்று தெரிந்தால், போர்டு தரவில்லையா, வயர் இழுத்துக் கவிழ்த்துவிட்டதா என்பதை அது சொல்லாது. கேள்வியே அதுதானே.

அதற்குப் பதில் சொல்வது இரண்டாவது முறை: கழற்றிப் பார்ப்பது. நான் எப்போதும் இதன் பக்கம்தான். முதலில் சைரன் அலறாமல் இருக்க சிஸ்டத்தை டெஸ்ட் நிலையில் வையுங்கள். கண்காணிப்பு மையத்தோடு இணைப்பு இருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், பேட்டரி இரண்டையும் துண்டியுங்கள். சில பெட்டிகளுக்குள் வீட்டு மெயின் லைனே நேராக வந்திருக்கும். அப்படியென்றால் பிரேக்கரை இறக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. வயர்களை போட்டோ எடுத்துக்கொண்டு, ஆக்ஸ் பிளஸில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அப்புறம் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பொறுமைக்குக் காரணம் இருக்கிறது. பல போர்டுகளில் ஆக்ஸுக்குக் காவலாக இருப்பது தானாக மீளும் ஃப்யூஸ். ஷார்ட் ஆனால் அது சூடாகி, கரன்ட்டைக் கிட்டத்தட்ட அடைத்துவிடும். ஆறினால்தான் மறுபடி வழிவிடும். ஒருமுறை நான் அவசரப்பட்டு உடனே பவர் கொடுத்து அளந்தேன். ஆக்ஸ் அப்போதும் செத்தே கிடந்தது. வேறு போர்டு எடுக்கப் போகும் நேரத்தில், அரை மணி கழித்துச் சும்மா ஒரு தடவை வைத்துப் பார்த்தால் 13.7! கடைசியில் கோளாறு, கேபிளின் மேல் அடித்திருந்த ஒரு ஸ்டேபிள் பின்.

ஆறியதும் பவரைத் திரும்பக் கொடுத்து அளங்கள். வெறும் டெர்மினலில் வோல்டேஜ் வந்துவிட்டால், பவரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வயராகச் சேருங்கள். எந்த வயரில் சரிகிறதோ அதுதான் ஆள். வரவில்லை என்றால் பேட்டரி இல்லாமல் ஒருமுறை அளந்து பாருங்கள்; செல் கெட்ட பழைய பேட்டரியும் வோல்டேஜைக் கீழே இழுக்கும்.

பவரில்லாமல் ஓம் அளப்பதைச் சிலர் இதற்கு மாற்றாகச் சொல்வார்கள். இரு முனையும் கழற்றிய கேபிளுக்கு அது நல்ல சோதனை. கீபேடோ சென்சாரோ மாட்டியபடியே அளந்தால், உள்ளிருக்கும் பாகங்கள் சேர்ந்து வரும் எண்ணுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

போர்டு முனையில் 13 இருக்கிறது, மீட்டர் கீபேட் முனையிலும் 13 காட்டுகிறது, ஆனாலும் கீபேட் எழவில்லை என்றால்? இங்கே மீட்டர் நம்மை ஏமாற்றும். அது இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு. ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும், பச்சை பூத்த இணைப்பும் அதற்குப் போதும். உண்மையான சுமை கொடுத்து அளக்க வேண்டும். கார் பல்பை மாட்டச் சொல்பவர்கள் உண்டு. பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு, தொடக்க இழுப்பிலேயே அந்த ஃப்யூஸை அது சாத்திவிடலாம். அதைவிட 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நல்லது. கீபேடைக் கழற்றிவிட்டு அந்த முனையில் மாட்டினால் சுமார் 130 மில்லி ஆம்பியர் இழுக்கும். கை சுடும், பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் 50 ஓம் அளவுக்கு மோசமான இணைப்பு இருந்தால் 13 வோல்ட் 9-க்குக் கீழே வந்து நிற்கும். அப்புறம் போர்டிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே போனால், எங்கே சரிகிறது என்று தெரிந்துவிடும்.

போர்டை மாற்றிப் பார்ப்பது கடைசி. ஏசி சரி, பேட்டரி வெளியே, டெர்மினலில் ஒரு வயர்கூட இல்லை, ஆறவும் விட்டாயிற்று, ஆனாலும் ஆக்ஸில் ஒன்றுமில்லை: இவ்வளவும் பொருந்தினால் தாராளமாக மாற்றலாம். பழைய போர்டு இன்னும் பேசுகிறது என்றால், சோன் (சென்சார் பகுதி) அமைப்புகளையும் யூசர் கோடுகளையும் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கழற்றுங்கள்.