மேலூர்ப் பெண்ணுக்கு எது முதலில்: உதவித்தொகையா, கல்விக் கடனா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு நான் முதலில் சொல்வது புதுமைப் பெண் திட்டம்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நோட்டு, புத்தகம், மதியச் சாப்பாடு சமாளிக்கலாம்.

தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கு அது காணாது, சரி. அங்கே கல்விக் கடன் கைகொடுக்கும். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் இல்லை. ஆனால் வட்டி முதலிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். கையெழுத்துப் போடும் அப்பா அம்மாவுக்கு இது தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம். மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்தால் கடன் பக்கமே போகாதீர்கள்.